பதினொரு ராத்தலும் செல்லத்தாயியின் கண்ணும்

1

எங்கள் வீட்டில் தேன்மொழியின் பிறந்தநாள் என்றால் முதலில் ஊசி, அப்புறம்தான் கேக். ஊசி அவளுக்கு இல்லை, எனக்கு. வருஷத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்து, சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நான் மறந்துவிடுவேன் என்று எங்கள் வீட்டுக்காரர் அந்தத் தேதியைப் பிள்ளையின் பிறந்தநாளோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். எலக்ட்ரீஷியன் அல்லவா, இரண்டு கம்பியைப் பார்த்தால் முறுக்காமல் விடமாட்டார்.

அங்கே பிறந்தநாள் எல்லாம் எப்படிக் கொண்டாடுகிறீர்கள் என்று ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறீர்களே, இப்படித்தான். பிப்ரவரி மாதத்துப் பனியில் மூன்று பேரும் பஸ்ஸுக்கு நிற்போம். நான் பசியில் கடுகடு என்று இருப்பேன். அவர் கையில் ரவை உப்புமா டப்பா இருக்கும். ரத்தம் எடுத்து முடித்த நொடியில் மூடியைத் திறந்து என் கையில் கொடுப்பார். பெருங்காயமும் கறிவேப்பிலையும் கலந்த வாசனை போய் அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை வெள்ளைக்காரர்களையும் ஒரு தட்டுத் தட்டும். தேன்மொழி எங்களைத் தெரியாதவள் போல நான்கு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் டீனா. தேன்மொழி என்று சொல்ல அவள் டீச்சருக்கு நாக்கு வளையவில்லை, இவளும் சரி என்று விட்டுக்கொடுத்துவிட்டாள். ஐந்து வயதுக்குள் என்ன ஒரு பெருந்தன்மை!

இந்த வருஷம் கவுண்டரில் ஒரு புதுப் பெண். பழைய அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ளாமல், புது பாரம் ஒன்றை எடுத்து வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். பெயர்? சரஸ்வதி. குடும்பப் பெயர்? அங்கேயே கால் மணி நேரம் போயிற்று. எங்கள் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் என்று ஆறு வருஷமாக இந்த நாட்டுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த நாடு கேட்பதாக இல்லை. ஆஸ்பத்திரியில் "கந்தசாமி" என்று எங்கள் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நிற்கிறோம்.

அப்புறம் அவள் கேட்டாள், "எத்தனை குழந்தைகள் பெற்றீர்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நான்கு நாற்காலிக்கு அப்பாலிருந்து தேன்மொழி ஓடி வந்து, "ஒன்! ஒன்லி மீ!" என்றாள்.

"டூ," என்றேன் நான்.

பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தாள். தனக்குத் தெரியாமல் இன்னொரு குழந்தையை அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேனோ என்ற பார்வை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க, பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி, "வேர் இஸ் த அதர் ஒன், அம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அதைச் சொல்ல ஆரம்பித்தால் கதை மூணாறுப் பக்கத்து மலையூரான பள்ளிவாசலில் செல்லத்தாயியிடம் போய்த்தான் நிற்கும். ஒரு பச்சைக் குழந்தையைக் கண் வைத்தே கொன்றவள் என்று அவளுக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் அவளுக்கு வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அது பொய் என்பது எனக்கும், எங்கள் வீட்டுக்காரருக்கும், இங்கே இருக்கும் ஒரு டாக்டரம்மாவுக்கும் ஐந்து வருஷமாகத் தெரியும். தெரிய வேண்டியவளுக்குத் தெரியாது. அவளுக்கு எழுத வேண்டிய ஒரு கடிதத்தை எழுதாமல் நான் தப்பித்துக்கொண்டே இருந்தேன்.

2

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி, கேரளா தமிழ்நாடு எல்லையில் இருக்கிற ஊர். நிலக்கடலையும் பனைமரமும் வெயிலும் பொள்ளாச்சி பஸ்ஸும்தான் எனக்குத் தெரிந்த உலகம். கல்யாணமான கையோடு என்னை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிவாசலில் இறக்கினார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே நீர்மின் நிலையத்தில் வேலை. எங்கள் குடியிருப்பு கீழே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் மேலே, இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் பைப். முதல்நாள் குடத்தோடு போனவள் குளிரில் பல் கிட்டி நின்றேன். வரிசையில் முன்னால் நின்ற ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"ஏளா, கோழிக்குஞ்சு மாரி நடுங்குதியே, போத்திக்க ஒண்ணுமில்லையா?"

"இல்லீங்க," என்றேன்.

"ஏ யாத்தி! என்னப் போயி ‘ங்க’ போடுதாளே!" என்று அவள் சிரித்த சிரிப்பில் பைப்படியே திரும்பிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே தன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து என்மேல் சுற்றிவிட்டாள். அவள்தான் செல்லத்தாயி. கொழுந்து கிள்ளுகிறவள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "வரும்போது வரட்டும், இங்க பஸ்ஸே நேரத்துக்கு வர மாட்டேங்கு," என்பாள்.

எனக்கு உடனே நின்றுவிட்டது. ஐந்து மாதத்தில் ஏழு மாத வயிறு, ஏழு மாதத்தில் பத்து மாத வயிறு. இரட்டைதான் என்று லயத்தில் பந்தயமே கட்டினார்கள். தாகமோ தாகம். குடத்தை வாயில் வைத்தால் பாதிக் குடம் காலி. குடித்தது சும்மா இருக்குமா? கொட்டுகிற மழையில் நாள் முழுக்கக் கொல்லைப்பக்கம் ஓட்டம். செல்லத்தாயி குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாள். "இன்னைக்கி எத்தன தடவளா? இப்பிடிப் போனா பள்ளிவாசல்ல இன்னொரு கரண்டு ஆபீசு வைக்கலாம்," என்பாள். நாங்கள் இரண்டு பேரும் குடைக்கடியில் விழுந்து விழுந்து சிரிப்போம். அது எல்லாம் சர்க்கரை செய்கிற வேலை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஏழாம் மாதமே அம்மா கட்டுச்சோறு கொண்டுவந்து ஆக்கிப்போட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒன்பதாம் மாதம் வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. அந்த வருஷ மழையில் மண் சரிந்து சாலை போய்விட்டது. வலி எடுத்தபோது செல்லத்தாயியும் இன்னும் மூன்று பெண்களும் என்னைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பையன் பிறந்தான். பதினொரு ராத்தல், கிட்டத்தட்ட ஐந்து கிலோ. நர்ஸம்மா தராசை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள்.

உள்ளே வந்து முதலில் பார்த்தவள் செல்லத்தாயி. "ஏ யாத்தி! இது புள்ளையா, யானக்குட்டியா! இம்புட்டுப் பெரிய புள்ளைய என் ஆயுசுல பாத்ததில்லளா!" என்று கத்தினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையில் பிள்ளைக்குக் கைகால் வெட்டி இழுத்தது. மத்தியானத்துக்குள் போய்விட்டான்.

சாலை திறந்து அம்மா வந்து சேர நான்கு நாளாயிற்று. வந்தவள் அழுது முடித்துவிட்டுக் கேட்டாள், "மொதல்ல ஆரு சாமி கொளந்தையப் பாத்தது?" நான் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், பைப்படிக்குப் போனாள். "பெத்து வளக்காதவளுக்கு என்ற பேரன் மேல என்னடி கண்ணு? கொள்ளிக்கண்ணு வெச்சுக் கொன்னு போட்டயேடி!" லயத்துச் சனம் முழுக்கக் கேட்டது. செல்லத்தாயி கையில் கஞ்சிச் சட்டி இருந்தது, எனக்காகக் கொண்டுவந்தது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, கதவோரம் நின்ற என்னைத்தான் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அதே பைப்பில்தான் தண்ணீர் பிடித்தோம். அவள் வந்தால் நான் வரமாட்டேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே ஆனார்கள். கைக்குழந்தையோடு நிற்கிறவள் அவளைக் கண்டால் முந்தானையால் பிள்ளையை மூடுவாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

3

சரி, அழுதது போதும். இங்கிலாந்துக்கு வாருங்கள், இங்கே நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன்.

தொழிற்சாலை வேலைக்காக நாங்கள் இங்கே வந்து சேர்ந்த அடுத்த வருஷம் மறுபடி நின்றது. எங்கள் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தொழிற்சாலையில் தமிழ் தெரியாத நாற்பது பேரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தார். கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரியில் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பாரம் வந்தது. இது எத்தனையாவது கர்ப்பம் என்று ஒரு கேள்வி. அவர் பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு போனதன் பேரை எடுப்பார்களா? எங்கள் பக்கம் யாரும் எடுக்கமாட்டார்கள். எத்தனை பிள்ளை என்று கேட்டால் இருப்பதைத்தான் சொல்லுவோம், போனதை எண்ணுவதில்லை. அவர் ‘முதல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு உறையை ஒட்டினேன்.

ஒவ்வொரு முறை போகும்போதும் காலையில் முதலில் போகிற சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் கொண்டுவரச் சொன்னார்கள். என் மானமே போயிற்று! பஸ்ஸில், மடியில், அதை வைத்துக்கொண்டு போவதா? ஆனால் அங்கே போய்ப் பார்த்தால் எல்லாப் பெண்களும் கூடையில் ஆளுக்கொரு பாட்டில். சாராய பாட்டில், ஊறுகாய் பாட்டில், வாசனைத் தைல பாட்டில் என்று ஒரே கண்காட்சி. எனக்கும் தைரியம் வந்துவிட்டது.

ஆறாவது மாதம் நான் எடுத்துப் போனது தேன் பாட்டில். எங்கள் வீட்டுக்காரரின் சிநேகிதர் வண்டன்மேட்டிலிருந்து ஏலக்காயோடு ஒரு பாட்டில் மலைத்தேனும் கொடுத்துவிட்டிருந்தார். மசக்கையில் நான் விரல் விட்டு விட்டு நக்கியே அதைத் தீர்த்திருந்தேன். கழுவினேனா என்று கேட்டால், கழுவினேன். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, வீணாகக் கொட்டக்கூடாதே என்று அதையும் குடித்தேன். கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவளுக்கு அதுதான் பாட்டில் கழுவுவது.

செம்பட்டை முடி நர்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் சில சொட்டு விட்டு, தண்ணீர் கலந்து, ஒரு மாத்திரையைப் போட்டாள். புஸ் என்று நுரைத்துக் கொதித்தது. சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே நிற்க வேண்டுமாம். என்னுடையது பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, கடைசியில் சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. நர்ஸின் முகம் வெளுத்தது, அதற்கு மேல் வெளுக்க இடமிருக்கிறதா என்று அதுவரை நான் நினைத்ததில்லை. என்னைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, வார்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. தொழிற்சாலைக்குப் போன் போயிற்று.

எங்கள் வீட்டுக்காரர் மாற்றுச் சட்டைகூடப் போடாமல், எண்ணெய்க் கையோடு ஓடி வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்து மேஜையில் ஆதாரப் பொருள் போல நின்ற பாட்டிலைப் பார்த்தார். எடுத்தார். மூடியை மோந்தார்.

"ஏம் புள்ள, இது நம்ம வண்டன்மேட்டுத் தேன் பாட்டல்தான?"

"ஆமாங்க."

"இதுலயா கொண்டாந்த?"

"கழுவித்தானுங்க கொண்டாந்தேன்."

"கழுவித் தண்ணிய என்ன பண்ணுன?"

"குடிச்சுப்போட்டனுங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நானும் அழப் பார்த்தேன். அட, மனுசன் சிரிக்கிறார்! நானும் ஆரம்பித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம், நர்ஸுகள் ஓடி வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லவேண்டும், அந்த அவசரத்தில் தேனுக்கு இங்கிலீஷ் மறந்துபோயிற்று அவருக்கு. இரண்டு கையையும் இறக்கை போல் அடித்துக்கொண்டு, உய்ய்ய்ங் என்று வார்டைச் சுற்றி வந்து, என் பாட்டிலின் மேல் உட்காருவது போல் குனிந்து காட்டினார். பதினாறு கர்ப்பிணிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஒருத்திக்கு அப்போதே வலி எடுத்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள், அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

4

டாக்டரம்மா வந்தார். நரைமுடியைக் கொண்டை போட்ட, எங்கள் ஊர்க் கணக்கு டீச்சர் போன்ற ஒருவர். விஷயத்தைக் கேட்டு அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வந்தது வந்துவிட்டாய், நம் பாட்டிலில் ஒருமுறை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ," என்றார்.

அவர்கள் பாட்டிலில் கொடுத்தேன். மாத்திரை போட்டார்கள், நுரைத்தது. செங்கல் நிறம் வரவில்லை. ஆனால் நீலமாகவும் நிற்கவில்லை. பச்சையில் போய் நின்றது. அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா கேட்டார், "இது உன் முதல் குழந்தைதானா?"

"யெஸ், பர்ஸ்ட்," என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"அவளைக் கேட்டேன்."

எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. "இல்லீங்க, ரெண்டாவதுங்க," என்று வெள்ளைக்கார டாக்டரிடம் கொங்குத் தமிழில் சொன்னேன். மொழிபெயர்க்க வேண்டியவர் தலையைக் குனிந்துகொண்டார். நானே இரண்டு விரலைக் காட்டினேன்.

அடுத்த நாள் வெறும் வயிற்றில் முறையான சோதனை. ஒரு பெரிய டம்ளர் நிறையச் சர்க்கரைத் தண்ணீர், எலுமிச்சையும் சுக்கும் மறந்துபோன பானகம். அதைக் குடித்துவிட்டு அரைமணிக்கு ஒருதரம் ரத்தம் கொடுக்க வேண்டும். நான் பட்டினி இருப்பதால் எங்கள் வீட்டுக்காரரும் பட்டினி. பள்ளிவாசலில் ஆயிரக்கணக்கான வோல்ட் கம்பிகளுக்கு நடுவே விளையாடிய மனுசன், மூன்றாவது ஊசியில் என் ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்ததும் பொத்தென்று விழுந்தார். அவரைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, காலைப் பிடித்துவிட்டார்கள். சோதனை எனக்கு, சேவகம் அவருக்கு!

முடிவு வந்தது. சர்க்கரை இருந்தது, சந்தேகமே இல்லை. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, போன பிள்ளையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். தாகம், ஓட்டம், பதினொரு ராத்தல், மறுநாள் வலிப்பு. எங்கள் வீட்டுக்காரர் முக்கி முனகி மொழிபெயர்த்தார். எல்லாம் கேட்டுவிட்டு அவர் மெதுவாக விளக்கினார். சில பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறும். அது பிள்ளைக்கும் போகும், பிள்ளை கொழுத்து வளரும். பிறந்து தொப்புள்கொடியை அறுத்ததும் வரத்து சட்டென்று நிற்கும், பிள்ளையின் உடம்போ பழைய வேகத்திலேயே சர்க்கரையை எரித்துக்கொண்டிருக்கும். சர்க்கரை தடாலென்று கீழே விழும், வலிப்பு வரும். "நான் பார்க்காத குழந்தையைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீ சொல்வது எல்லாம் அதைத்தான் காட்டுகிறது," என்றார்.

"தேன் நக்கினதாலயா?" என்று கேட்டேன்.

"இல்லை. நீ எதுவும் தப்பாகச் செய்யவில்லை. இது உடம்பின் சுபாவம்."

"கண்ணு பட்டா?" என்று கேட்டேன். இதை இவர் இங்கிலீஷில் எப்படிச் சொல்லுவார்! "லுக்கிங். சம்படி லுக்கிங் அட் பேபி. பேபி டை," என்றார். யார் பார்த்தது என்று அந்த அம்மா கேட்டார். நான் செல்லத்தாயியைப் பற்றிச் சொன்னேன், கம்பளி, குடை, கஞ்சிச் சட்டி, சாத்தின கதவு எல்லாம்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "பார்ப்பதால் வலிப்பு வராது. குழந்தை ரொம்பப் பெரியது என்று அந்தப் பெண் சத்தம் போட்டாள். அங்கே என்னைப் போல் ஒரு டாக்டர் நின்றிருந்தால், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பிள்ளையின் சர்க்கரையைப் பார்த்திருப்பார்."

நான் அழுதேன். பிள்ளைக்காக மூன்று வருஷம் அழுதாயிற்று, இது செல்லத்தாயிக்காக.

5

மிச்ச மாதமெல்லாம் ஒரே அமர்க்களம். காலை மாலை இன்சுலின் ஊசி, தராசில் நிறுத்து வைத்த உருளைக்கிழங்கு, உப்பில்லாத வேகவைத்த முட்டைக்கோஸ். எங்கள் வீட்டுக்காரர் கொள்ளு ரசத்தைப் பிளாஸ்கில் ஊற்றி, காப்பி என்று சொல்லி உள்ளே கொண்டுவருவார். நர்ஸ் ஒருநாள் ஒரு வாய் குடித்துப் பார்த்து இருமி, கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

நாள் நிறையும் முன்பே வலி வரவைத்து எடுத்தார்கள். ஐந்தரை ராத்தல்! குச்சி போல ஒரு பெண். ஊரில் என்றால் "ஏனுங்க, பிள்ளை தேறுமா?" என்று கேட்டிருப்பார்கள். நான் சந்தோஷத்தில் கூத்தாடினேன். மணிக்கொருதரம் அவள் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், ஒருமுறை இறங்கியது, உடனே பால் புகட்டினார்கள், ஏறியது. இவர் ஒவ்வோர் எண்ணையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு எனக்கு வந்து படித்துக் காட்டினார். மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்து, "இனி குத்த வேண்டாம்," என்றார். எந்தப் பாட்டில் வழிகாட்டியதோ அதன் பேரையே வைத்தோம், தேன்மொழி.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார். பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது, ஆனாலும் என்னைப் போன்றவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை வியாதி வர வாய்ப்பு அதிகம், அதனால் வருஷம் தவறாமல் பார்க்க வேண்டும் என்று. அதைத் தவறாமல் செய்தேன்.

செய்யாதது கடிதம். முதல் வருஷம் கைக்குழந்தை என்று சாக்கு. அடுத்த வருஷம் செல்லத்தாயிக்குப் படிக்கத் தெரியாது என்று சாக்கு. பிறகு, அவள் மறந்திருப்பாள், நாம் ஏன் கிளற வேண்டும் என்று சாக்கு. உண்மை என்னவென்றால் எனக்கு வெட்கம். ஒவ்வொரு பிறந்தநாளும் ரத்தம் கொடுக்கும்போது எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். உப்புமா தின்றதும் மறந்துபோவேன்.

6

இந்த வருஷம் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேர்ந்து, கேக்குக்கு முன்னால் உட்கார்ந்து, தேன்மொழிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனைப் பற்றி, சர்க்கரையைப் பற்றி, செல்லத்தாயியைப் பற்றி. பாதி தமிழ், பாதி என் இங்கிலீஷ். இடையிடையே என் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் மெழுகுவத்தியைப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி.

"டிட் யூ சே சாரி?"

இங்கே பள்ளிக்கூடத்தில் இடித்தால் சாரி, தும்மினால் சாரி, நடந்தால் சாரி. எனக்கு அது எப்போதும் வேடிக்கை. அன்றைக்கு வேடிக்கையாக இல்லை.

"இல்லை," என்றேன்.

"யூ ஹாவ் டு," என்றாள் டீனா, கேக்கை வெட்டிக்கொண்டே.

அன்றைக்கே நீல நிற ஏர்மெயில் தாளை எடுத்தேன். தலைப்பில் இப்படி எழுதினேன்: ‘இதைப் படிக்கிற ஆம்பளை யாராயிருந்தாலும் சரி, வெட்கப்படாமல், ஒரு வரி விடாமல், பைப்படியில் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும்.’ பழி விழுந்த இடம் பைப்படி, அது எழுந்திருக்க வேண்டிய இடமும் அதுதான் என்று எனக்குப் பட்டது. தாகம், சிறுநீர், பதினொரு ராத்தல், தேன் பாட்டில், டாக்டரம்மா சொன்னது, எல்லாம் எழுதினேன். பெரிய பிள்ளை பெற்ற பொம்பளைகள் யாராயிருந்தாலும் அடுத்த கர்ப்பத்திலும், அதற்குப் பிறகும் சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொல்லு என்று எழுதினேன். உன்மேல் தப்பில்லை, கதவைச் சாத்தினது நான், மன்னித்துக்கொள் என்று எழுதினேன். இடம் தீர்ந்து ஓரத்தில் எழுதி, ஓரமும் தீர்ந்து மடிப்புக்கு அடியில் எழுதினேன்.

எங்கள் வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். "ஏம் புள்ள, மூத்தரம், மசக்கை எல்லாம் எளுதியிருக்கற. அதைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான படிப்பாரு?"

"படிக்கட்டுமுங்க. அவுரும் ஒரு பொம்பளை பெத்தவருதானுங்க."

அந்த வாரம் என் ரத்த முடிவும் வந்தது. டாக்டர் ‘பார்டர்லைன்’ என்றார், வியாதி இல்லை, ஆனால் பக்கத்தில் நிற்கிறதாம். கொழிஞ்சாம்பாறைக்காரி எல்லையில் இல்லாமல் வேறு எங்கே இருப்பாள் என்று வீட்டில் ஒரே சிரிப்பு. சோற்றைக் குறைத்துவிட்டேன், தினமும் ஒரு மணி நேரம் பனியில் நடக்கிறேன். தேன்மொழி என் தட்டைத் தணிக்கை செய்கிறாள்.

7

பதில் வர இரண்டரை மாதமாயிற்று. கணக்கப்பிள்ளையின் மணிமணியான எழுத்து. ‘செல்லத்தாயி சொல்லச் சொல்ல எழுதுவது, பிழையிருந்தால் அது அவளுடையது’ என்று மேலே தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் சத்தமாகப் படித்தேன், இவரும் பிள்ளையும் கேட்டார்கள்.

‘ஏளா சரசு, ஒன் கடுதாசிய கணக்கப்பிள்ள பைப்படியில நின்னு வாசிச்சாரு. மூத்திரம்னு வந்த எடத்துல செருமிட்டு மெதுவாச் சொன்னாரு. நான் விடல. சத்தமா வாசிக்கச் சொல்லிருக்கால்லா, வாசியும்னேன். ரெண்டாந்தடவ வாசிக்கச் சொன்னேன். அதுக்குள்ள மேல் லயத்துக்காரவுகளும் வந்துட்டாக. நீ தேன் பாட்டல் கழுவுன கதைய இப்ப சின்னப் புள்ளைக எல்லாம் நடிச்சுக் காட்டுதுக.

நீ மன்னிப்புக் கேட்டுருக்க. ஒங்கம்ம சொன்னது எனக்குப் பெருசில்ல. நீ கதவச் சாத்துனதும் ஆறிப்போச்சு. ஆனா நான் அத நம்பிட்டேன்ளா. என் கண்ணுல என்னமோ இருக்குன்னே நம்பிட்டேன். என் தங்கச்சி பாக்கியத்துக்கு அடுத்தடுத்து மூணு புள்ள. மூணு பேறுகாலத்துக்கும் வெந்நி வச்சேன், துணி அலசுனேன், மருந்து இடிச்சேன். புள்ளைய மட்டும் பாக்கல. மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டுதான் தொட்டில ஆட்டுவேன். அதுக நடந்து வந்து என் மடியில விழுத வரைக்கும் பாக்க மாட்டேன்.

அவளுக்கு மூணுமே பெரிய புள்ளதான். அதனால அவள சர்க்கர பாக்க மூணாறுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். இப்ப ஒண்ணுமில்லியாம், வருசா வருசம் வரச் சொல்லிருக்காக.

கடைசிப் பயலுக்கு இருவத்தேழு நாளு. கடுதாசி வாசிச்சு முடிச்ச அன்னிக்கு, கொடத்த அங்கனயே போட்டுட்டு நேரா பாக்கியத்து வீட்டுக்குப் போனேன். தொட்டில்லருந்து தூக்கி, வெளிச்சத்துக்குக் கொண்டாந்து, மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாத்தேன். நல்லா பாத்தேன். கருப்புத்தான். காது ரெண்டும் வெடச்சுக்கிட்டு இருக்கு. அழகன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். சொல்லிட்டுப் பயந்து போயி வாசல்லயே உக்காந்துட்டேன். இன்னைக்கி ஒம்பது நாளாச்சு. பால் குடிக்கான், தூங்குதான், நான் போனா என்னையவே பாக்கான்.’